கோழிகள் தீவனத்தைத் தொடாமல் தின்பண்டத்துக்கே காத்திருக்கின்றன. எதை, எவ்வளவு கொடுக்கலாம்?

உங்கள் நான்கு பெட்டைகளும் முட்டையிடும் வயதுக்கு வந்தவை என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். ஒரு கோழிக்கு ஒரு நாளைக்கு ஒரு மேசைக்கரண்டி தானியம். அவ்வளவுதான்.

முட்டைக்கோழி ஒரு நாளில் மொத்தமே 100 முதல் 120 கிராம் வரைதான் தின்னும். அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தின்பண்டம் வேண்டாம் என்பது பொதுவான அளவு. நாமோ யோசிக்காமல் கை நிறைய அள்ளிப் போடுகிறோம்.

இரண்டு வாய் தானியம் கூடுதலாகத் தின்றால் குடியா முழுகிவிடும் என்று கேட்கலாம். பிரச்சினை தானியத்தில் இல்லை, அது அடைத்துக்கொள்ளும் இடத்தில்தான். ஒரு முட்டை ஓட்டில் சுமார் 2 கிராம் கால்சியம் இருக்கிறது. தின்பதில் பாதிதான் உடம்பில் சேரும், ஆகவே நாளுக்கு 4 கிராமாவது உள்ளே போக வேண்டும். முட்டைக்கோழித் தீவனத்தில் 3.5 முதல் 4 சதவீதம் கால்சியம் வைத்திருப்பது இதற்காகத்தான். மக்காச்சோளத்தில் கால்சியம் இல்லை என்றே சொல்லிவிடலாம். 120 கிராமில் 40 கிராம் சோளமாகிவிட்டால், கால்சியத்தில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. கோழி உடனே முட்டையை நிறுத்தாது, தன் எலும்பிலிருந்து எடுத்து ஓடு கட்டும். அதனால் சில நாளைக்கு எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரியும். அப்புறம்தான் ஓடு மெலிந்து, ஓடே இல்லாமல் தோல் மட்டும் மூடிய தோல்முட்டை வர ஆரம்பிக்கும். புரதமும் இப்படித்தான் குறையும்: தீவனத்தில் 16 சதவீதம் அளவில் இருக்கும், சோளத்தில் அதில் பாதி.

என்னைக் கேட்டால், எதைக் கொடுக்கிறோம் என்பதைவிட எப்போது கொடுக்கிறோம் என்பதுதான் முக்கியம். காலையில் கூட்டைத் திறந்ததும் தீவனமும் தண்ணீரும் மட்டும். தின்பண்டம் சாயங்காலம், அடைவதற்கு ஒரு மணி நேரம் முன்னால். அதற்குள் வயிறு பெரும்பாலும் தீவனத்தால் நிறைந்திருக்கும். காலையில் நீங்கள் கதவருகே வந்தாலே கூட்டம் கூடிக் கத்துகிறது என்றால், அது பசியல்ல, நீங்கள் பழக்கியது. கோழிக்கு நேரம் நன்றாகத் தெரியும். சாயங்காலத்துக்கும் அதே வேகத்தில் பழகிவிடும்.

தீவனத்தைத் தொடுவதே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தட்டை ஒருமுறை உற்றுப் பாருங்கள். என் கோழிகளில் ஒரு சிவப்புப் பெட்டை இருக்கிறது. மாவுத் தீவனத்தில் சோளத் துண்டுகளை மட்டும் ஒவ்வொன்றாகக் கொத்தி எடுத்துவிட்டு, அடியில் தங்கும் தூளை அலகால் வெளியே தள்ளிவிடும். தாது உப்பும் வைட்டமினும் பெரும்பாலும் அந்தத் தூளில்தான் இருக்கின்றன. கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பிசைந்து வைத்தால் தூள் துண்டோடு ஒட்டிக்கொள்ளும், பொறுக்க முடியாது. பிசைந்ததை அன்றைக்கே காலி செய்துவிட வேண்டும், இல்லையென்றால் புளித்துப் பூஞ்சை பிடிக்கும். மாவைக் குச்சிகுச்சியாக அழுத்திச் செய்த குச்சித் தீவனம் வாங்கினால் இந்த வேலையே இல்லை.

கிளிஞ்சல் தூளைத் தீவனத்தில் கலக்காமல் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். கால்சியம் தேவைப்படும் கோழி தானே தேடிப் போய்த் தின்னும், பெரும்பாலும் சாயங்காலம். ஓடு கட்டும் வேலை இரவெல்லாம் நடப்பதால். பொடிக்கல் வேறு விஷயம். அது வயிற்றில் கரையாமல் கிடந்து தானியத்தை அரைக்கும். ஒன்றுக்குப் பதில் இன்னொன்று ஆகாது.

கீரை, வெள்ளரி மாதிரி நீர்ச்சத்துள்ளவற்றில் நான் அவ்வளவு கறார் இல்லை, எடையில் பெரும்பகுதி தண்ணீர்தான். தோட்டத்தில் தானாகக் கிளறிப் பிடிக்கும் புழுவையும் பூச்சியையும் கணக்கில் சேர்ப்பதே இல்லை. ரொட்டி வயிற்றை நிரப்புவதோடு சரி. பூஞ்சை பிடித்த எதையும், வேகாத உலர் பீன்ஸையும், அவகாடோவையும், சாக்லேட்டையும், பச்சை படிந்த உருளைக்கிழங்குத் தோலையும் கோழி பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

அளவு மீறுகிறதா என்று பார்க்க, இரவு அடைந்த பிறகு கோழியைக் கையில் எடுத்து நெஞ்செலும்பைத் தடவுங்கள். எலும்பின் விளிம்பு விரலுக்குத் தெரிய வேண்டும், இருபுறமும் சதை திரண்டிருக்க வேண்டும். கத்திபோல் துருத்தினால் மெலிவு. எலும்பே தட்டுப்படாமல் மெத்தென்று இருந்தால் கொழுப்பு. கொழுத்த பெட்டைக்குக் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து, அது கிழிந்து உள்ளே ரத்தம் கசிவதுண்டு; நேற்றுவரை முட்டையிட்ட கோழி காலையில் செத்துக் கிடக்கும். வெயில் காலத்தில் இது அதிகம்.

இறகு உதிர்க்கும் பருவத்தில் மட்டும் என் கணக்கு மாறும். இறகு பெரும்பாலும் புரதம் என்பதால், அப்போது தானியத்தை நிறுத்திவிட்டு அதே அளவுக்குக் காய்ந்த புழுவோ வேகவைத்த முட்டையோ கொடுப்பேன். குஞ்சுகள் இருந்தால் அவற்றுக்குத் தனித் தீவனம் வேண்டும். முட்டைக்கோழித் தீவனத்தில் உள்ள கால்சியம் அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

இப்போதைக்கு ஒரு வாரம் தின்பண்டத்தை அடியோடு நிறுத்துங்கள். இரண்டு நாள் ஊரைக் கூட்டும், பிறகு தட்டுக்கு வந்துவிடும். ஆனால் ஒரு கோழி மட்டும் மூலையில் ஒதுங்கி, கொண்டை வெளுத்து, சாயங்காலமும் தீனிப்பை (கழுத்தடியில் தின்ற தீனி தங்கும் பை) காலியாக இருந்தால் அது பிடிவாதம் இல்லை. அதைத் தனியாகப் பிரித்து மருத்துவரிடம் காட்டுங்கள்.