ஹூஸ்டனில் இருக்கும் இடப்பக்க ஸ்டீயரிங் காரை ஊருக்குக் கொண்டுவரலாமா?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 44. தஞ்சை மாவட்டப் பாபநாசம் அருகே ஒரு கிராமம் சொந்த ஊர். பதினோரு ஆண்டுகளாக ஹூஸ்டனில் வேலை பார்த்து வருகிறேன். அடுத்த ஆண்டு குடும்பத்தோடு ஊர் திரும்பி, இப்போது குத்தகைக்கு விட்டிருக்கும் ஆறு ஏக்கர் நிலத்தை நானே பார்க்க எண்ணியிருக்கிறேன். மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். இந்தியாவில் என்.ஆர்.இ. (வெளிநாடு வாழ் இந்தியருக்கான) வைப்பு 1 கோடியே 10 லட்சம், அமெரிக்க வங்கியில் 60,000 டாலர், இவை தவிர 401 கே ஓய்வுக்காலக் கணக்கும் உண்டு. என்னிடம் 2017-ஆம் ஆண்டு ஷெவர்லே கார்வெட் ஒன்று இருக்கிறது, ஸ்டீயரிங் இடப்பக்கம். அதை ஊருக்குக் கொண்டுவர முடியுமா? முடியாவிட்டால், வேறு மாநிலத்தில் பதிவான 1968 ஃபோர்டு மஸ்டாங் ஒன்றை, அதுவும் இடப்பக்க ஸ்டீயரிங், 58 லட்சத்துக்குத் தருவதாக ஒரு தரகர் சொல்கிறார். 5 லட்சம் முன்பணம் கேட்கிறார். தேவைப்பட்டால் 401 கே கணக்கிலிருந்து எடுக்கலாமா?

பதில்: பதினோரு ஆண்டு உழைத்துச் சேர்த்த காரின் மேல் உங்களுக்கு இருக்கும் பிரியத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் உங்கள் கேள்வியில் பணம் இரண்டாவதாகத்தான் வருகிறது. காகிதம் முதலில் வருகிறது. காகிதம் சரியில்லாத வண்டிக்கு எவ்வளவு குறைந்த விலை கொடுத்தாலும் அது நஷ்டம்தான், ஏனென்றால் அதை நாளை விற்கவும் முடியாது, இன்று நிம்மதியாக ஓட்டவும் முடியாது.

கார்வெட்டை எடுத்துக்கொள்வோம். இடப்பக்க ஸ்டீயரிங் வண்டியை இந்தியச் சாலையில் ஓட்டுவது குற்றம் என்று பலர் நினைக்கிறார்கள், அது சரியன்று. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 120-ஆம் பிரிவு, விதித்த வகையிலான சைகைக் கருவி இயங்கும் நிலையில் இல்லாத இடப்பக்க ஸ்டீயரிங் வண்டியைப் பொது இடத்தில் ஓட்டக் கூடாது என்றுதான் சொல்கிறது. இந்தப் பிரிவைக் காட்டித்தான் தரகர்கள் ஆசையைத் தூண்டுகிறார்கள். ஓட்டுவதற்குச் சட்டம் விட்டிருக்கும் இந்த வழியை இறக்குமதிக் கொள்கை துறைமுகத்திலேயே அடைத்துவிடுகிறது. வெளிநாட்டிலிருந்து வரும் பழைய கார், தயாரித்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும், ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும், வேகமானி கிலோமீட்டரில் காட்ட வேண்டும், முகப்பு விளக்குகள் இடப்பக்கம் ஒதுங்கி ஓட்டும் போக்குவரத்துக்கு ஏற்றவையாக இருக்க வேண்டும் என்பவை அதன் நிபந்தனைகள். உங்கள் வண்டி முதல் இரண்டிலேயே நின்றுவிடுகிறது. ஸ்டீயரிங்கை வலப்பக்கம் மாற்றிக்கொண்டால் என்ன என்று நீங்கள் கேட்கக்கூடும்; பெருஞ்செலவு செய்து மாற்றினாலும் வண்டியின் வயதை யாரும் மாற்ற முடியாது. கார்வெட்டை 1953 முதல் விற்று வந்தாலும், 2020-ஆம் ஆண்டு மாடலாக வந்த எட்டாம் தலைமுறையில்தான் ஆலையிலேயே வலப்பக்க ஸ்டீயரிங்கோடு முதன்முதலாகச் செய்தார்கள். உங்களுடையது ஏழாம் தலைமுறை.

விதியே தடுக்கவில்லை என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டு கணக்கையும் பார்த்துவிடுவோம், ஏனென்றால் ஊரில் யாராவது ஒருவர் 'காசைக் கட்டினால் எல்லாம் நடக்கும்' என்று உங்களிடம் சொல்லாமல் இருக்கமாட்டார். வண்டியின் மதிப்பு 40,000 டாலர் என்றும், டாலர் 85 ரூபாய் என்றும் கொண்டால் 34 லட்சம். கப்பல் கட்டணமும் காப்பீடும் சேர்த்து 37 லட்சம் என்று வையுங்கள். 2025 பட்ஜெட்டுக்குப் பின் பழைய கார்களுக்கு அடிப்படைச் சுங்க வரி 70 சதவீதம், வேளாண் கட்டமைப்பு வரி 67.5 சதவீதம்; ஆக 137.5 சதவீதம். அதாவது 37 லட்சம் என்பது ஏறக்குறைய 88 லட்சம் ஆகிறது. இந்த மொத்தத்தின் மேல், 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு நடைமுறைக்கு வந்த 40 சதவீத ஜி.எஸ்.டி. விழும்போது தொகை 1 கோடியே 23 லட்சத்தைத் தொடுகிறது. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு ஆயுள் வரி 20 சதவீதம். அதையும் சேர்த்தால் 1 கோடியே 47 லட்சத்துக்கு மேல். ஹூஸ்டனில் 34 லட்சத்துக்கு விலைபோகும் வண்டி, கும்பகோணம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எண் வாங்கும்போது உங்கள் வைப்பு முழுவதையும் விழுங்கி, அதற்கு மேலும் கேட்கும். விற்கும்போது இந்த வரியில் ஒரு ரூபாய்கூடத் திரும்பாது.

மஸ்டாங் விஷயத்தில் நான் இன்னும் கூடுதலாகக் கவலைப்படுகிறேன். கார்வெட்டைக் கொண்டுவர முடியாது என்பதால் அதில் உங்களுக்குப் பண ஆபத்து இல்லை. மஸ்டாங்கோ ஏற்கெனவே இங்கே நிற்கிறது, ஆர்.சி. புத்தகமும் காட்டுகிறார்கள், அதனால் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும். அந்த வண்டி இந்தியாவுக்குள் எப்போது, எந்த வழியில் வந்தது என்பதுதான் கேள்வி. ஒரு காலத்தில் தூதரக அலுவலர்களும் வெளிநாட்டு வல்லுநர்களும் கொண்டுவந்த கார்களை அவர்கள் நாடு திரும்பும்போது அரசு வணிகக் கழகமான எஸ்.டி.சி. எடுத்து விற்றது; இன்று ஓடும் பழைய அமெரிக்கக் கார்களில் சில அந்த வழியில் வந்தவை, அவற்றுக்குக் காகிதம் உண்டு. மற்றபடி, பழம்பெரும் வண்டி என்ற கணக்கில் நெடுங்காலம் 1950-க்கு முன் தயாரான கார்களுக்கு மட்டுமே வழி இருந்தது; ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கு அந்த விதி தளர்ந்தது 2025-இல்தான். ஆகவே தரகர், 'ஐந்தாறு வருடம் முன்னால் கப்பலில் வந்தது' என்று சொன்னால், அந்த ஒரு வாக்கியமே நீங்கள் விலகிக்கொள்ளப் போதுமான காரணம்.

இப்படிப்பட்ட வண்டிகளில் வழக்கமாக நடக்கும் தந்திரம், எப்போதோ உடைத்துப் போட்ட வேறொரு காரின் ஆர்.சி.யை இந்த வண்டியின் மேல் ஏற்றிவிடுவது. இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. 1968 மஸ்டாங்கின் அடையாள எண்ணில் மொத்தம் பதினோரு எழுத்தும் இலக்கமும்தான் இருக்கும்; முதலில் 8 வரும், அடுத்து ஆலையைக் குறிக்க எஃப் (F), ஆர் (R), டி (T) ஆகிய மூன்றில் ஒன்று வரும். பதினேழு இலக்க எண் 1981-இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஆர்.சி.யில் இருக்கும் எண்ணையும் வண்டியின் உடலில் பொறித்திருக்கும் எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சுங்கம் கட்டாமல் வந்த வண்டியை, நீங்கள் நல்லெண்ணத்தோடு வாங்கியிருந்தாலும், 1962-ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின்படி அரசு பறிமுதல் செய்யலாம். மீட்க வேண்டுமானால் வரியோடு அபராதமும் கட்ட வேண்டிவரும். 2025 செப்டம்பரில் கேரளத்தில், பூடான் வழியாக வந்தவை என்ற சந்தேகத்தில் 'நும்கோர்' என்ற பெயரில் சுங்கத் துறை நடத்திய சோதனையில், பதிவெண்ணோடு ஓடிக்கொண்டிருந்த கார்களைத்தான் எடுத்துப் போனார்கள்.

எல்லாக் காகிதமும் சுத்தமாகவே இருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், பழம்பெரும் வண்டியாகப் பதிவாகியிருந்தால் அதை நீங்கள் நினைத்தபடி ஓட்ட முடியாது. 2021 ஜூலையில் வந்த விதிகளின்படி அப்பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும். ஆனால் கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். ஞாயிறுதோறும் குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்கும் தரங்கம்பாடிக்கும் போய்வருவது அதில் அடங்காது.

பணக் கணக்கில் நேரடியாகச் சேராவிட்டாலும், நம் சாலையைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தஞ்சாவூரிலிருந்து அய்யம்பேட்டை, பாபநாசம் வழியாகக் கும்பகோணம் போகும் பழைய சாலையை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். ஸ்டீயரிங் இடப்பக்கம் என்றால் நீங்கள் உட்காருவது வாய்க்கால் ஓரம். முன்னால் போகும் பேருந்தைத் தாண்ட எதிரே வருவதைப் பார்க்க வேண்டுமானால், வண்டியின் பெரும்பகுதியை எதிர்ப்பக்கம் கொண்டுபோன பிறகுதான் உங்கள் கண்ணுக்குச் சாலை தெரியும். பக்கத்தில் இருப்பவரைக் கேட்டு முந்திச்செல்வது வழக்கமாகிவிடும். அந்த இடத்தில் உங்கள் மகள் உட்கார்ந்திருப்பாள். அறுவடைக் காலத்தில் பாதிச் சாலையில் நெல் காயும், மீதியில் அறுவடை இயந்திரம் வரும். வேகத்தடைக்கு விதித்த உயரம் பத்து சென்டிமீட்டர். நம் ஊர்க்காரர்கள் தாங்களே போட்டவற்றுக்கு அளவே கிடையாது. எரிபொருளும் யோசிக்க வேண்டியது: இங்கே சாதாரண பெட்ரோல் நிலையங்களில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், 2001 மாடல் முதலான சாதாரணக் கார்களுக்கு அமெரிக்காவில் அனுமதித்திருப்பது 15 சதவீதம் வரைதான். 1968-இன் கார்புரேட்டருக்கும் ரப்பர் குழாய்களுக்கும் எத்தனால் என்பதே பழக்கமில்லாதது.

58 லட்சத்தை 7 சதவீத வட்டியில் வைத்தால் ஆண்டுக்கு 4 லட்சத்துக்குச் சற்று மேல் வரும். உங்கள் ஆறு ஏக்கரில் குறுவையும் தாளடியும் சேர்ந்து, கூலியும் உரமும் போக, கையில் என்ன நிற்கும் என்பதை இப்போதைய குத்தகைதாரரிடம் கேட்டு இதோடு ஒப்பிடுங்கள். மாதச் சம்பளம் நின்று, மேட்டூர் திறப்பையும் கொள்முதல் நிலையத்தின் வரிசையையும் நம்பி வாழப்போகும் முதல் இரண்டு ஆண்டுகளில், யானையைக் கட்டித் தீனி போடும் வேலை வேண்டாம் என்பதே என் கருத்து. காப்பீட்டிலும் ஐந்தாண்டு கடந்த வண்டியின் மதிப்பு, நிறுவனமும் நீங்களும் பேசி ஒப்புக்கொள்ளும் தொகைதான். 58 லட்சம் கொடுத்தேன் என்பதற்காக அவர்கள் அதை ஏற்கவேண்டியதில்லை.

401 கே கணக்கை இதற்காகத் தொடவே வேண்டாம். ஐம்பத்தொன்பதரை வயதுக்கு முன் எடுத்தால் வருமான வரிக்கு மேல் பொதுவாக 10 சதவீதம் கூடுதல் வரி உண்டு; நீங்கள் இன்னும் பதினைந்து ஆண்டு பொறுக்க வேண்டிய பணம் அது.

கார்வெட்டைப் புறப்படும் முன் அங்கேயே விற்றுவிடுங்கள். கடைசி மாதம்வரை வைத்திருந்து அவசரத்தில் கேட்ட விலைக்குக் கொடுக்காமல், மூன்று நான்கு மாதம் முன்பே விளம்பரம் செய்யுங்கள். வரும் டாலரை உடனே ரூபாயாக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஊர் திரும்பியதும் ஆர்.எஃப்.சி. என்ற வெளிநாட்டு நாணயக் கணக்கு தொடங்கி டாலராகவே வைத்திருக்கலாம், மகளின் மேற்படிப்புக்கு உதவும். என்.ஆர்.இ. வைப்பையும் அப்போது உள்நாட்டுக் கணக்காகவோ ஆர்.எஃப்.சி.யாகவோ மாற்றியாக வேண்டும்.

இரண்டு ஆண்டு கழித்தும் வி-8 இன்ஜின் ஓசை காதில் ஒலித்துக்கொண்டே இருந்தால், அப்போது நேர்வழி ஒன்று உண்டு. ஃபோர்டு 2016 ஜூலையில் 65 லட்சம் ஷோரூம் விலையில் இந்தியாவிலேயே விற்கத் தொடங்கிய மஸ்டாங், ஆலையிலிருந்தே வலப்பக்க ஸ்டீயரிங்கோடு வந்தது. அதில் நன்றாகப் பராமரித்த ஒன்று கிடைத்தால், என்.ஓ.சி. என்ற தடையின்மைச் சான்றும் ஆயுள் வரி மாற்றமும் சாதாரணக் காரைப் போலவே முடியும். ஃபோர்டு 2021-இல் இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்துவிட்டதால், உதிரிபாகம் வெளிநாட்டிலிருந்து வர ஆகும் செலவையும் நாளையும் விலைபேசும்போதே கழித்துக்கொள்ளுங்கள். வண்டிக்கான மொத்தச் செலவு, 401 கே நீங்கலான உங்கள் சேமிப்பில் ஏழில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. இன்றைய நிலையில் அது 23 லட்சம். அதற்குள் வண்டி கிடைக்காவிட்டால் காத்திருங்கள்.

தரகருக்கு இந்த வாரமே ஒரு பதில் சொல்லியாக வேண்டும் என்றால், முன்பணத்தைப் பற்றிப் பேசாமல், சுங்க இறக்குமதிப் பத்திரம் அல்லது எஸ்.டி.சி. விற்பனைக் காகிதத்தின் நகலையும், வண்டியின் உடலில் பொறித்த எண்ணின் படத்தையும் அனுப்பச் சொல்லுங்கள். 'ஆர்.சி. இருக்கிறதே, வேறென்ன வேண்டும்' என்று பதில் வந்தால், அந்த 5 லட்சம் உங்கள் கணக்கிலேயே இருக்கட்டும்.