தலையில் ஊற்றிய தண்ணீர்

கேள்வி: ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' கதையை என் மகளுக்குப் படிக்கக் கொடுத்தேன். காரில் ஏற்றிச் சென்றவனால் சீரழிந்து திரும்பும் பெண்ணின் தலையில் தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று தாய் சொல்லும் இடத்தில் எனக்கு இப்போதும் கண் கலங்கும். மகளோ, "அவ அழுக்காவே இல்லையேம்மா, எதுக்குக் கழுவணும்?" என்கிறாள். யார் சொல்வது சரி?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: உங்கள் மகள் கேட்டதுதான் சரியான கேள்வி. ஆனாலும் அந்தத் தாயை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கல்லூரி நாட்களில் நானும் அந்த இடத்தில் அழுதவள்தான். எனக்கு ஒரு பெண் பிறந்து, அவளும் மழையில் தொப்பலாக நனைந்து இருட்டிய பிறகு வீடு திரும்பிய ஒரு நாளுக்கு அப்புறம் மறுபடி படித்தேன். அப்போது மனம் வேறு இடத்தில் நின்றது. மகள் சொன்னதைக் கேட்டதும் தாய் அலறிவிடுகிறாள். அக்கம்பக்கத்தார் என்ன, என்ன என்று வருகிறார்கள். அந்த ஒரு நொடியில் அலறலை விழுங்கிக்கொண்டு, இந்தக் கொட்டுகிற மழையில் நனைந்து வந்திருக்கிறாளே என்று திட்டுவதுபோல் சமாளிக்கிறாள். நல்லவேளை, இவள் அண்ணன் இல்லை, இருந்தால் தோலை உரித்திருப்பான் என்றும் சொல்கிறாள். வீட்டிலேயே இல்லாத ஆணுக்கு அத்தனை பயம்! மகளைக் காப்பாற்றியது தண்ணீர் இல்லை, அந்தப் பொய்தான். 'சுத்தம்' என்பது ஊர் அவளுக்குக் கொடுத்த சொல். கையில் இருந்த அந்த ஒரே சொல்லை மகளுக்குச் சாதகமாகத் திருப்பிவிட்டாள்.

1966இல் விகடனில் வந்த இந்தக் கதை பெரிய சர்ச்சையைக் கிளப்பியது. தாய் மூடி மறைக்காமல் போயிருந்தால்? அதைத்தான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலாக அவரே எழுதினார். அங்கே அந்தப் பெண்ணின் பெயர் கங்கா. அண்ணன் அவளை வீட்டைவிட்டுத் துரத்துகிறான். அடைக்கலம் தந்து படிக்கவைத்த வெங்கு மாமாவின் பார்வையும் சரியில்லை. அதே பெண், அதே மழை. அம்மா வாயை மூடினாளா இல்லையா என்பதில் ஒரு பெண்ணின் முழு வாழ்க்கையும் தொங்குகிறது. காரில் வந்தவனுக்கு எந்தக் குளியலும் தேவைப்படவில்லை.

கதையின் தலைப்பே சீதையுடையது. 1943இல் புதுமைப்பித்தன் எழுதிய 'சாப விமோசன'த்தில், தான் தீக்குளித்ததைச் சீதை சொல்ல, அகலிகையால் அதைத் தாங்கவே முடியவில்லை. தன் சாபத்தைத் தீர்த்த ராமனா இப்படிக் கேட்டான் என்று துடிக்கிறாள். கடைசியில் மறுபடியும் கல்லாகிவிடுகிறாள். உங்கள் மகளின் கேள்வியை அகலிகை அப்போதே கேட்டுவிட்டாள் என்று எனக்குத் தோன்றும்.

அடுத்து அந்தக் கதையை அவளிடம் கொடுங்கள். படித்துவிட்டு என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள்.