ஒரே குடும்பப் பெயர் கொண்டவர்களின் பழைய பதிவுகளைத் தொகுத்து வம்சாவளி எழுதுவது எப்படி?

கேள்வியின் கீழே இரண்டு விவரம் கொடுத்திருக்கிறீர்கள். உங்கள் குடும்பப் பெயர் அபூர்வமானது. 1700களின் பதிவேடு ஒன்றில் அதே பெயருடைய ஒருவர் கிடைத்திருக்கிறார், அவரையே மூதாதையராக வைத்து வம்ச மரத்தைத் தொடங்கலாமா என்கிறீர்கள். வேண்டாம். பதிவுகளைத் திரட்டுவது ஒரு வேலை, யார் யாருக்குப் பிள்ளை என்று முடிச்சுப் போடுவது வேறு வேலை. இரண்டாவதை எவ்வளவு தள்ளிப்போட முடியுமோ அவ்வளவு நல்லது.

நண்பர் ஒருவரின் குடும்பத்துக்காக நான் அதிகம் தோண்டியது இங்கிலாந்து, அயர்லாந்து பதிவுகளை. அதனால் உதாரணங்கள் பெரும்பாலும் அங்கிருந்தே வரும்.

குடும்பப் பெயர் எல்லா இடத்திலும் ஒரே வயதுடையதல்ல. துருக்கியில் அதைக் கட்டாயமாக்கிய சட்டம் 1934இல்தான் வந்தது. பிலிப்பைன்ஸில் 1849இல் ஸ்பானிய ஆளுநரின் ஆணைப்படி, ஒரு பெயர்ப் பட்டியலிலிருந்து மக்களுக்குப் பெயர்கள் வழங்கப்பட்டன. அங்கே ஒரே பெயர் என்பதற்காக ஒரே ரத்தம் என்று சொல்லவே முடியாது. ஐஸ்லாந்தில் இன்றும் பெரும்பாலோருக்குத் தந்தையின் பெயரே ஒட்டிக்கொள்கிறது, தலைமுறைக்குத் தலைமுறை மாறும். உங்கள் பெயர் எந்த ஊரில், எப்போது நிலைபெற்றது என்று முதலில் பாருங்கள். அதற்கு முன்னால் போய் அந்தப் பெயரைத் தேடினால் கிடைப்பதெல்லாம் யாரோ.

அப்புறம் எழுத்துக்கூட்டல். பெரும்பாலோருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாத காலத்தில், காதில் விழுந்ததை எழுத்தர் எழுதினார். ஒரே ஆள் ஞானஸ்நானத்தில் ஒரு மாதிரியும், திருமணத்தில் இன்னொரு மாதிரியும் இருப்பார். அயர்லாந்தில் பெயருக்கு முன்னால் வரும் ‘ஓ’, ‘மெக்’ பலருக்கு இடையில் காணாமல் போய், பிற்காலத்தில் திரும்பி வந்திருக்கிறது. சல்லிவனும் ஓ'சல்லிவனும் ஒரே வீட்டில் இருக்கலாம். ஒலியை வைத்துத் தேடும் சவுண்டெக்ஸ் முறை இதற்கு உதவும். ஸ்மித், ஸ்மைத், ஷ்மிட் எல்லாம் அதில் ஒரே குறியீடுதான். ஆனால் முதல் எழுத்தை அது மாற்றாது. ஆங்கிலத்தில் கவனா என்ற பெயரை ‘சி’ போட்டும் எழுதுவார்கள், ‘கே’ போட்டும் எழுதுவார்கள். சவுண்டெக்ஸுக்கு அவை இரண்டும் வேறு வேறு. எனவே எல்லா வடிவங்களையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடுங்கள்.

தொகுக்க எக்செல் போதும். ஒரு பதிவுக்கு ஒரு வரி. ஒரு ஆளுக்கு ஒரு வரி என்று ஆரம்பித்துவிடாதீர்கள். பெயரை ஏட்டில் உள்ளபடியே எழுதி, பக்கத்துப் பத்தியில் பொதுவான வடிவத்தைப் போடுங்கள். தேதி, ஊர், சாட்சிகள், பதிவேட்டின் பெயர், பக்கம், அசலைப் பார்த்தீர்களா அல்லது வேறு யாரோ தயாரித்த அட்டவணையையா என்பது, எல்லாம் வேண்டும். சாட்சிகளை விட்டுவிடாதீர்கள். மணமகளின் அண்ணனோ சித்தப்பாவோ அங்கே நிற்பதுண்டு, பிறகு இரண்டு கிளைகளைப் பிரிக்க அந்த ஒரு பெயர்தான் கைகொடுக்கும். தேடியும் கிடைக்காத பதிவேடுகளையும் குறித்து வையுங்கள், இல்லாவிட்டால் அதே ஏட்டை மறுபடி மறுபடி புரட்டுவீர்கள்.

ஒவ்வொரு பதிவேட்டுக்கும் ஒரு குணம் உண்டு. இங்கிலாந்தில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றுக்குக் கிறிஸ்தவ ஆலயங்கள் பதிவேடு எழுதும்படி ஆணை வந்தது 1538இல். அரசின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவு தொடங்கியது 1837 ஜூலையில். அப்போதிலிருந்து திருமணப் பதிவில் இருவருடைய தந்தையர் பெயரும் தொழிலும் வருகின்றன, எனக்கு மிகவும் பிடித்த ஆவணம் அதுதான். 1841 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதைப் பெரும்பாலும் ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள். 35 என்றிருந்தால் அவருக்கு 39 ஆகவும் இருக்கலாம். வீட்டுத் தலைவருக்கு என்ன உறவு என்பது 1851இலிருந்துதான் கிடைக்கிறது. 1752க்கு முன் அங்கே ஆண்டு தொடங்கியது மார்ச் 25இல். ஆகவே ஏட்டில் ‘1710 ஜனவரி’ என்று இருப்பது நம் கணக்கில் 1711. இதைக் கவனிக்காமல் தாய்க்குத் திருமணம் ஆகும் முன்பே பிள்ளை பிறந்ததாக எழுதிய மரங்கள் இணையத்தில் ஏராளம்.

சில ஓட்டைகளை யாராலும் அடைக்க முடியாது. அயர்லாந்தின் பொது ஆவணக் காப்பகம் 1922இல் எரிந்து பெரும் பகுதி அழிந்தது. அமெரிக்காவின் 1890 கணக்கெடுப்பில் பெரும்பாலானவை 1921 தீ விபத்துக்குப் பின் இல்லை. இப்படி ஓட்டை விழுந்த இடங்களில் நில வரிப் பட்டியல், உயில், கல்லறை எழுத்து, பழைய செய்தித்தாள் என்று பக்கவாட்டில்தான் நகர வேண்டும். அயர்லாந்தில் 1901, 1911 கணக்கெடுப்புகள் தப்பிவிட்டன, இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். பொதுவாகத் தொடங்க ஃபேமிலிசர்ச் தளம் நல்லது, அதுவும் இலவசம். ஆனால் அங்கே மற்றவர்கள் கட்டிவைத்த மரங்களைச் சான்றாக எடுக்காதீர்கள், எங்கே தேடலாம் என்பதற்கான துப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

‘எல்லிஸ் தீவில் அதிகாரி எங்கள் பெயரை மாற்றிவிட்டார்’ என்ற கதை உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அமெரிக்காவுக்குக் கப்பலில் வந்து குடியேறியவர்களை விசாரித்து உள்ளே விட்ட நியூயார்க் துறைமுகத் தீவு அது. அங்கிருந்த அதிகாரிகள் கையில் வைத்திருந்தது கப்பல் நிறுவனம் புறப்பட்ட துறைமுகத்தில் தயாரித்த பட்டியல். பெயரை மாற்றிக்கொண்டது பெரும்பாலும் குடியேறியவர்களேதான், அதுவும் பிற்பாடு.

சரி, உங்கள் 1700களின் ஆள். அவரை அட்டவணையில் ஒரு வரியாக வையுங்கள். உங்களிடமிருந்து தொடங்கி ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னோக்கிப் போய் அவரைத் தொட முடிகிறதா பாருங்கள். அதே ஊரில் அதே பெயரில் இன்னொருவர் இருந்தாரா, இவர் குழந்தையிலேயே இறந்துவிட்டாரா என்று அடக்கப் பதிவேட்டையும் புரட்டுங்கள். அடக்கப் பதிவை யாரும் பார்ப்பதில்லை, மரங்கள் அங்கேதான் உடைகின்றன. ஆவணம் தீர்ந்து சந்தேகம் மட்டும் மிஞ்சினால், இரண்டு கிளைகளிலும் நேர் ஆண்வழியில் வந்த ஒவ்வொருவர், தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகும் ஒய் குரோமோசோமைச் சோதனை செய்து ஒப்பிடலாம். அதற்கு முன் சோதனைக்குச் செலவழிக்க வேண்டாம்.

அந்தப் பதிவேடு எந்த நாட்டுடையது, எந்த ஊர் என்று கருத்தில் சொல்லுங்கள். அடுத்து எந்த ஏட்டைத் திறக்கலாம் என்று பார்ப்போம்.