கடற்குகையில் படமெடுக்கும் வரிசை

அன்புள்ள ஆசிரியருக்கு,

நியூசிலாந்தின் டனீடனில் வசிக்கிறேன். போன டிசம்பரில் கேட்லின்ஸ் கரையிலுள்ள கதீட்ரல் கேவ்ஸ் என்ற கடற்குகைகளுக்குப் போயிருந்தேன். வாசலில் வெகுநேரம் படமெடுத்துவிட்டு உள்ளே நுழைந்தபோது தண்ணீர் ஏறத் தொடங்கிவிட்டது. அவசரத்தில் எடுத்தவை எதுவும் தேறவில்லை. வாசல் வெளுத்துப்போயிருக்கிறது, சுவர்கள் கரிக்கட்டையாக இருக்கின்றன. ஒரே காட்சியை வெவ்வேறு வெளிச்ச அளவுகளில் எடுத்த பிராக்கெட்டிங் படங்களைக் கணினியில் இணைத்தால் பாறை விளிம்புகள் இரட்டையாகத் தெரிகின்றன. என்னிடம் இருப்பது பழைய ஃபுல்ஃப்ரேம் கேமரா, 16-35 லென்ஸ். புதிய கேமரா வாங்கினால் சரியாகுமா? பிப்ரவரியில் மறுபடி போகிறேன்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கேமராவை மாற்ற வேண்டாம். நீங்கள் படமெடுத்த வரிசையைத்தான் மாற்ற வேண்டும்.

கடல் முழுதாக வற்றுவதற்கு 2 மணி நேரம் முன்பு அங்கே வழி திறக்கிறார்கள். வற்றி 1 மணி நேரத்தில் மூடுகிறார்கள். காட்டுப் பாதையிலும் வைபாட்டி (Waipati) கடற்கரையிலும் நடந்து சேரவே அரை மணி ஆகிவிடும், திரும்பவும் அவ்வளவே. ஆக, கையில் இருப்பது 2 மணி நேரம். வாசல் அழகாக இருப்பதால் எல்லோரும் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். உள்ளே முதலில் போங்கள். இரண்டு குகைகளும் உள்ளே சேரும் இடத்தை, கடல் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும்போதே முடித்துவிட வேண்டும். தண்ணீர் திரும்பும் நேரத்தில் நீங்கள் வாசலில் இருந்தால், அப்போதுதான் நனைந்த மணலில் கூரையின் பிரதிபலிப்பும் கிடைக்கும், வெளியேறவும் எளிது.

நுழைவதற்கு முன் 15 நிமிடமாவது வெளியே நின்று அலையைப் பாருங்கள். இது தாமதமல்ல, வேலையின் பகுதி. கடல் ஏறி இறங்கும் நேரத்தைத் தரும் ஓத அட்டவணை அலையின் வீச்சைச் சொல்லாது. தென்பெருங்கடலிலிருந்து வரும் நீண்ட அலைகள் பல நிமிடம் அமைதியாக இருந்துவிட்டு, மூன்று நான்காகச் சேர்ந்து வரும். குகை உள்ளே குறுகுவதால் அந்தத் தண்ணீர் மணலில் பரவ இடமின்றி உயரும். காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல் மட்டம் சுமார் 1 செ.மீ. ஏறும், புயல் கடக்கும் நாளில் அட்டவணையில் உள்ள அளவை நம்பக் கூடாது. பிப்ரவரியில் அங்கே கோடைக்கால நேரம் நடப்பில் இருக்கும், கடிகாரம் 1 மணி நேரம் முன்னே ஓடும். உங்கள் அட்டவணை அந்த 1 மணி நேரத்தைச் சேர்த்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பலர் தவறவிடுவது இங்கேதான்.

இனி வெளிச்சம். உள்சுவருக்கும் வெளியே வெயிலில் இருக்கும் நுரைக்கும் இடையிலான வித்தியாசம் எந்த சென்சாரும் ஒரே படத்தில் அடக்க முடியாத அளவு. அதனால்தான் புதிய கேமரா தீர்வல்ல என்கிறேன். லென்ஸ் திறப்பை எஃப்/8, ஒளியுணர்திறனை ஐஎஸ்ஓ 100 என்று பூட்டிவிடுங்கள். வெளியே உள்ள நுரை வெளுக்காத ஷட்டர் வேகத்தை முதலில் கண்டுபிடியுங்கள். 1/250 நொடி என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து 2 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இருமடங்கு) இடைவெளியில் 1/60, 1/15, 1/4, 1 நொடி, 4 நொடி. ஆறு படங்கள், ரா வடிவில் (சென்சாரின் மூலத் தரவாக). கேமராவின் தானியங்கி பிராக்கெட்டிங் நடுவிலிருந்து இரு பக்கமும் போகும். நடுப்படத்தைச் சுவருக்கு அளந்தால், மிக இருண்ட படத்திலும் வாசல் வெளுத்தே இருக்கும். உங்களுக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும். நிறச் சமநிலையை (வைட் பேலன்ஸ்) 5500 கெல்வினில் நிறுத்துங்கள். நீண்ட எக்ஸ்போஷருக்கான, படத்தின் புள்ளிகளைக் குறைக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷனை அணைத்துவிடுங்கள், அது ஒவ்வொரு நீண்ட படத்துக்கும் இருமடங்கு நேரம் எடுக்கும்.

16 மி.மீ.யில் எஃப்/8 வைத்து ஒன்றரை மீட்டரில் ஃபோகஸ் செய்து மேனுவலுக்கு மாற்றினால், முக்கால் மீட்டரிலிருந்து தொலைவு வரை கூர்மையாக இருக்கும். இருட்டில் ஆட்டோஃபோகஸ் தடுமாறுவதை வேடிக்கை பார்க்க நேரமில்லை.

விளிம்புகள் இரட்டையானதற்குக் காரணம் மணல். அலை திரும்பும்போது ட்ரைபாட் கால்களுக்கு அடியில் மணலை அரித்துக்கொண்டு போகும். முதல் படத்துக்கும் ஆறாவது படத்துக்கும் நடுவில் கேமரா சில மில்லிமீட்டர் இறங்கியிருக்கும். கால்களை அகல விரித்து, உடல் எடையைக் கொடுத்து ஒரு சாண் அளவுக்கு அழுத்துங்கள். ட்ரைபாட்டின் நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். ஒரு அலை வந்து போன பிறகு எடுக்கத் தொடங்கி, அடுத்தது தொடுவதற்குள் ஆறையும் முடியுங்கள். தொட்டுவிட்டால் முழுத் தொகுப்பையும் மறுபடி எடுக்க வேண்டும். கால்களில் மிக மெல்லிய கடைசிப் பகுதியை முதலில் இழுத்தால், அதன் பூட்டு மணலுக்கு மேலே நிற்கும்.

குகையின் உயரம் தெரிய மனித உருவம் வேண்டுமென்றால், ஆளை வாசலில் நிறுத்தி 1/250 படத்திலிருந்து மட்டும் அவரை எடுத்துச் சேருங்கள். நீண்ட படங்களில் அவர் கலங்கிவிடுவார்.

உப்புத் துளியை உலர்ந்த துணியால் ஒருபோதும் துடைக்காதீர்கள், கீறல் விழும். முதலில் புளோயர் (காற்று ஊதும் ரப்பர் குமிழ்), பிறகு நல்ல தண்ணீரில் நனைத்த மைக்ரோஃபைபர் துணி, கடைசியில் உலர்ந்த துணி. நான்கு துணியாவது கொண்டுபோங்கள். வாசலை நோக்கி எடுக்கும்போது யுவி ஃபில்டரைக் கழற்றுங்கள். இல்லாவிட்டால் சுவரின் கருமையில் பொய் வெளிச்சப் பொட்டுகள் விழும்.

அந்தக் கரையில் கடற்சிங்கங்கள் படுத்திருக்கும், சில சமயம் நிழலில் பாறை போலவே. 20 மீட்டர் தள்ளி நில்லுங்கள், அதற்கும் கடலுக்கும் நடுவில் போகாதீர்கள். வழியில் ஒன்று படுத்திருந்தால் அன்றைய படம் அவ்வளவுதான், விலகித் திரும்பிவிடுங்கள். பாதை நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளுக்குச் சொந்தமான நிலத்தின் வழியாகப் போகிறது, நுழைவுக் கட்டணம் உண்டு. ட்ரோன் பறக்கவிட வேண்டுமென்றால் நில உரிமையாளரின் சம்மதம் வேண்டும். குகைக்குள் ஜிபிஎஸ் கிடைக்காமல் அது சுவரில் மோதும் என்பதால், கேட்காமலே விட்டுவிடலாம்.

வீடு திரும்பிய அன்றே ட்ரைபாட்டின் பூட்டுகளைத் திருகிக் கழற்றி நல்ல தண்ணீரில் கழுவுங்கள். மறுநாள் என்றால் உப்பு இறுகியிருக்கும்.