ஐம்பது வீடுகளின் மேல் ஒரு வாக்கியம்

அன்புள்ள ஐயா,

கெய்ரோவில் வீட்டுச் சுவர்கள் மேல் அரபு எழுத்தை வரைந்திருக்கும் படத்தைப் பகிர்ந்திருந்தீர்கள். துபாயில் பல வருடம் இருந்த என் அண்ணனிடம் காட்டினேன். அரபு நன்றாகவே படிப்பார். அவராலும் ஒரு வார்த்தையைக்கூடப் பிடிக்க முடியவில்லை. படிக்க முடியாததை எழுத்து என்று எப்படிச் சொல்வது? அதுவும் குப்பை பிரித்துப் பிழைக்கிற மக்கள் வாழும் இடம். சுவரில் வண்ணம் பூசுவதால் அவர்களுக்கு என்ன கிடைத்தது?

ஒரு வாசகி, கோவை

அன்புள்ள தோழிக்கு,

உங்கள் அண்ணன் திணறியதில் வியப்பில்லை. அரபைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே, அதை வரைந்த ஓவியர் எல் சீடின் சுவர்கள் முன் திணறுவார்கள். எனக்கோ அந்த மொழியில் ஒரு எழுத்துகூடத் தெரியாது. ஆனாலும் அந்தக் கோடுகளை எழுத்து என்றே என் கண் எடுத்துக்கொள்கிறது.

அரபு அழகெழுத்தில் எல்லாவற்றுக்கும் ஓர் அளவு உண்டு. நாணல் பேனாவின் முனையைச் சாய்வாகச் சீவி, மையில் தோய்த்து ஒரு தடவை அழுத்தினால் சாய்சதுரமாக ஒரு புள்ளி விழும். அலிஃப் என்ற முதல் எழுத்து எவ்வளவு உயரம், மற்ற எழுத்துகள் எவ்வளவு வளைய வேண்டும் என்பதையெல்லாம் அந்தப் புள்ளியை வைத்தே அளப்பார்கள். 10-ஆம் நூற்றாண்டு பாக்தாதின் இப்ன் முக்லாவோடு சேர்த்துச் சொல்லப்படும் முறை இது. சாதாரண ஸ்ப்ரே டப்பாவில் அப்படி ஒரு முனை கிடையாது. எந்தப் பக்கம் திருப்பினாலும் கோடு ஒரே தடிமன்தான். பேனா தானாகவே கொடுத்துவிடும் தடிப்பையும் மெலிவையும் சுவரில் எழுதுகிறவர் ஓரக்கோடு போட்டு, உள்ளே நிரப்பிக் கொண்டுவர வேண்டும். 2007-இல் தன் கண்காட்சிக்கு ‘கேலிகிராஃபிட்டி’ (அழகெழுத்தும் சுவர்க் கிறுக்கலும் சேர்ந்த சொல்) என்று பெயர் வைத்த ஆம்ஸ்டர்டாமின் நீல்ஸ் மெல்மன், அகலத் தூரிகையைக் கையில் எடுத்து இந்தச் சிக்கலைக் கடந்தார்.

எல் சீட் துனீசியப் பெற்றோருக்குப் பிரான்ஸில் பிறந்தவர். அரபு எழுதப் படிக்கக் கற்றதே பதின்வயதின் கடைசியில்தான். ஆசானிடம் உட்கார்ந்து புள்ளி அளவு பழகியவர் அல்ல. அதனால் அவர் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் பின்னிக்கொள்ளும். 2012-இல் துனீசியாவின் காபெஸ் நகரில் ஒரு பள்ளிவாசல் மினாரில் குர்ஆன் வசனத்தை எழுதினார். அதில் எனக்கு அவ்வளவு ஈடுபாடு இல்லை. என்னை விடாமல் பிடித்திருப்பது 2016-இல் கெய்ரோவின் மன்ஷியத் நாசர் பகுதியில் அவர் செய்ததுதான், நீங்கள் பார்த்த படம்.

மொகத்தம் மலையடிவாரம் அது. அங்கிருப்பவர்கள் பெரும்பாலும் எகிப்தின் தொன்மையான காப்டிக் சபையைச் சேர்ந்த கிறிஸ்தவர்கள். நகரத்துக் குப்பையை வீடு வீடாகப் போய் வாங்கி வந்து, கையால் பிரித்து, பெரும்பகுதியை மறுபடி பயன்படும் பொருளாக மாற்றுகிறார்கள். ஊர் அவர்களுக்கு வைத்த பெயர் ‘ஸபாலீன்’, குப்பைக்காரர்கள். மிச்ச உணவைப் போட்டு வளர்த்த பன்றிகளையும் 2009-இல் பன்றிக்காய்ச்சல் பயத்தில் அரசு கொல்லச் சொல்லிவிட்டது. அந்த வீடுகளின் செங்கல் சுவர்களில், கிட்டத்தட்ட ஐம்பது கட்டடங்கள் மேல், வெள்ளையும் ஆரஞ்சும் நீலமுமாக எல் சீட் எழுதியது அவர்களுடைய பழங்கால ஆயர் அத்தனாசியாரின் சொல்: கதிரவனின் ஒளியைத் தெளிவாகக் காண விரும்புகிறவர் முதலில் தம் கண்களைத் துடைத்துக்கொள்ள வேண்டும். முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர் கிறிஸ்தவ ஆயரின் வார்த்தையை இரண்டு பேருக்கும் பொதுவான அரபில் எழுதியிருக்கிறார். இது சின்ன விஷயம் இல்லை.

தெருவில் நின்று பார்த்தால் ஒரு வீட்டில் நீல வளைவின் துண்டு, அடுத்த வீட்டு மாடியில் ஆரஞ்சுப் பட்டை, அவ்வளவுதான். முன்னால் இருக்கும் சுவரும் பின்னால் தள்ளி இருக்கும் சுவரும் மலைமேல் இருந்து பார்க்கும்போது மட்டும் ஒட்டிக்கொண்டு ஒரே வட்டமாகும். அதற்கேற்பத் துண்டு துண்டாக அளந்து வரைந்திருக்கிறார்கள்.

அவர்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டீர்கள். வருமானம் கூடியது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வாக்கியம் யாரைப் பார்த்துச் சொல்லப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள். கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியவர்கள் அந்த வீடுகளில் இருப்பவர்கள் இல்லை. குப்பையைக் கொடுத்துவிட்டு முகம் திருப்பிக்கொண்ட நகரம்தான். அதை முழுசாகப் பார்க்க வேண்டுமென்றால் நகரத்து ஆள் அவர்கள் பக்கம் வந்து, மலையைக் குடைந்து அவர்கள் கட்டிய தேவாலயம் இருக்கும் அந்த மலையில் ஏறி, அவர்கள் கூரைகளைப் பார்த்து நிற்க வேண்டும்.

அண்ணனிடம் மலையிலிருந்து எடுத்த முழுப் படத்தைக் காட்டுங்கள். அத்தனாசியாரின் சொல்லை முதலில் சொல்லிவிட்டு, அப்புறம் எழுத்துகளைத் தேடச் சொல்லுங்கள். அவர் எதை முதலில் கண்டுபிடித்தார் என்று எனக்கு எழுதுவீர்களா?

அன்புடன்.