பழைய நீலத் தட்டுகள்: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, தட்டில் இருக்கும் கட்டடம் கையால் வரைந்ததா, அச்சா?

பதில்: விளிம்பைச் சுற்றிப் பாருங்கள், அச்சு என்றால் அங்கே தெரிந்துவிடும். செப்புத் தகட்டில் செதுக்கிய படத்தில் கோபால்ட் மையைத் தடவி, மெல்லிய தாளில் அச்செடுத்து, ஒருமுறை சுட்ட தட்டின் மேல் அதை ஒட்டி அழுத்தித் தேய்ப்பார்கள், அப்புறம் தாளைக் கழுவி எடுத்துவிட்டு கண்ணாடி போன்ற மெருகு பூசி மறுபடி சூளையில் வைப்பார்கள். விளிம்புக்குத் தாளை வெட்டித்தான் ஒட்ட வேண்டும், அதனால் எங்காவது ஒரு பூ பாதியில் அறுந்து நிற்கும். அது குறை இல்லை. ஒட்டியவரின் கை, பெரும்பாலும் ஒரு பெண்ணின் கை, அங்கேதான் தெரிகிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

கேள்வி: என் தட்டில் அமெரிக்காவின் பாஸ்டன் அரசு மாளிகை, முன்னால் மாடுகள். அமெரிக்காவில் செய்ததா?

பதில்: இல்லை, இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில். 1815இல் பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் நடந்த போர் முடிந்து அமெரிக்கச் சந்தை திறந்ததும், ஸ்டாஃபோர்ட்ஷயர் பட்டறைக்காரர்கள் அமெரிக்காவில் உள்ளவர்கள் விரும்பும் கட்டடங்களை அச்சிட்டு அனுப்பினார்கள். மாடுகள் கற்பனை இல்லை, மாளிகைக்கு எதிரே உள்ள பொதுப் புல்வெளியில் 1830 வரை நிஜமாகவே மேய்ந்தன. தட்டின் பின்னால் பட்டறையின் முத்திரை இல்லையென்றால் விளிம்பு அலங்காரத்தை வைத்துப் பட்டறையைக் கண்டுபிடிக்கலாம்: ஈனோக் வுட் என்பவரின் பட்டறை என்றால் பெரும்பாலும் சிப்பிகள்.

கேள்வி: தட்டின் பின்னால் 'இங்கிலாந்து' என்று இருக்கிறது. 1820இல் செய்ததா?

பதில்: இல்லை. அமெரிக்காவுக்குப் போகும் பொருளில் நாட்டின் பெயர் வேண்டும் என்று அந்நாட்டின் 1890 மெக்கின்லி இறக்குமதி வரிச் சட்டம் சொன்ன பிறகுதான் அது பரவலாக வந்தது. இருநூறு வருடப் பழசு என்று விலை சொன்னால் வாங்காதீர்கள்.

கேள்வி: இதில் சாப்பிடலாமா?

பதில்: வேண்டாம். மெருகில் ஈயம் இருக்கும். புளியும் எலுமிச்சையும் அதை இழுத்துவிடும்.

கேள்வி: நம் ஊர்க் கட்டடம் எதுவும் உண்டா?

பதில்: உண்டு, சொல்லும்போதே சந்தோஷமாக இருக்கிறது! 1792இல் தெற்கே வந்த ஆங்கிலேய ஓவியர் தாமஸ் டேனியலும் அவர் சகோதரரின் மகன் வில்லியமும் வரைந்த இந்தியக் காட்சிகளை லிவர்பூலின் ஹெர்குலேனியம் பட்டறை நீலத்தில் அச்சிட்டது. அதில் ஒன்று மதுரைக் கோட்டைக்குள் ஒரு காட்சி. எங்கேயாவது கண்ணில் பட்டால் தயவுசெய்து பின்பக்கத்தையும் சேர்த்துப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.