உங்கள் நம்பர் யார் கையில்? பேஸ்புக், வட்ஸ்அப் பாதுகாப்பு: கேள்வி பதில்

கிளிநொச்சியில் போன் திருத்துகிறேன், 2011இல் தொடங்கிய வேலை. பேஸ்புக், வட்ஸ்அப் கணக்குகளில் சிக்கல் இருந்தால் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்று போன கிழமை எழுதியிருந்தேன். நிறையக் கேள்விகள் வந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்திருக்கிறேன், பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் விட்டிருக்கிறேன்.

தொடங்குமுன் ஒன்று. எல்லாரும் "ஹக் பண்ணிப்போட்டாங்கள்" என்றுதான் வருகிறீர்கள். என் மேசைக்கு வந்த போன்களில் பூட்டை உடைத்து யாரோ உள்ளே போனது மிகக் குறைவு. சாவி ஏற்கெனவே வேறு ஒருவர் கையில் இருந்திருக்கிறது. அந்தச் சாவியும் பல நேரங்களில் பாஸ்வேர்ட் இல்லை, உங்கள் போன் நம்பர்.

தருமபுரம், ஒரு அக்கா: என்னோடு படித்தவளின் வட்ஸ்அப்பில் இருந்து, "உன் நம்பருக்கு மாறி ஒரு கோட் வந்துவிட்டது, அனுப்பிவிடு" என்று மெசேஜ் வந்தது. 6 இலக்கம். அனுப்பிவிட்டேன். இப்போது என் பெயரில் எல்லாரிடமும் காசு கேட்கிறார்கள். கனடாவில் இருக்கும் அண்ணா அனுப்பியும் விட்டார்.

அக்கா, கேட்டது உங்கள் தோழி இல்லை. அவருடைய கணக்கும் இதே வழியில் பறிபோயிருக்கும், அடுத்ததாக உங்கள் நம்பருக்கு வந்திருக்கிறார்கள். அந்த 6 இலக்கம் என்ன தெரியுமா? உங்கள் நம்பரை வேறொரு போனில் போட்டு வட்ஸ்அப் திறக்கும்போது, "இந்த நம்பர் உண்மையில் உன்னுடையதா" என்று வட்ஸ்அப் கேட்கிற கேள்வியின் விடை. அதை அவர்களுக்கு நீங்கள் சொல்லிவிட்டீர்கள்.

திருப்பி எடுக்கலாம். சிம் உங்கள் போனில்தானே இருக்கிறது? வட்ஸ்அப்பைத் திறந்து உங்கள் நம்பரைப் போடுங்கள், குறுஞ்செய்தியில் புதுக் கோட் வரும், அதை நீங்கள் அடித்த அந்தக் கணமே அவர்கள் வெளியே விழுந்துவிடுவார்கள். சில வேளை அதற்குமேல் ஒரு பின் நம்பர் கேட்கும், அது அவர்கள் வைத்துவிட்டுப் போன பூட்டு. பயப்பட வேண்டாம், 7 நாள் பொறுத்தால் அந்தப் பின் இல்லாமலே உள்ளே போகலாம், அந்த 7 நாளும் அவர்களாலும் உள்ளே வர முடியாது. உள்ளே போனதும் முதல் வேலையாக அமைப்புகளில் இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கி உங்களுக்கென்று ஒரு பின் வையுங்கள், பிறந்த ஆண்டு வேண்டாம். இணைக்கப்பட்ட சாதனங்கள் என்று ஒரு இடம் இருக்கிறது, அதில் உங்களுக்குத் தெரியாத கொம்பியூட்டர் ஏதும் இருந்தால் நீக்குங்கள்.

இன்றைக்கே செய்ய வேண்டிய இன்னொன்று, உங்கள் போனில் உள்ள ஆட்களுக்கு அழைப்பு எடுத்துச் சொல்வது. மெசேஜ் போட்டால் அதையும் கள்ளன்தான் போட்டான் என்று நினைப்பார்கள், குரல் கேட்டால்தான் நம்புவார்கள். அண்ணா தன் வங்கிக்கு உடனே சொல்ல வேண்டும். காசு போன கணக்கு இங்கே உள்ள வங்கியென்றால் நீங்களும் அந்தக் கிளைக்குப் போங்கள், கூடவே பொலிஸில் முறைப்பாடு எழுதுங்கள்.

இதே கேள்வியை முறிகண்டியில் இருந்து கேட்ட தம்பிக்கு: நீங்கள் கோட்டைச் சொல்லவில்லை, ஆனால் "சிக்னல் சரி செய்ய" என்று ஒருவர் சொன்ன இலக்கங்களைப் போனில் அடித்திருக்கிறீர்கள். உங்களுக்கு வரும் அழைப்புகளை அவருடைய நம்பருக்குத் திருப்பிவிடுகிற கட்டளை அது. வட்ஸ்அப் கோட்டைக் குரல் அழைப்பாகக் கேட்டால் அது நேரே அவரிடம் போய்விடும். ##002# என்று அடித்து அழைப்புப் பொத்தானை அழுத்துங்கள், எல்லாத் திருப்பலும் நின்றுவிடும்.

மல்லாவி, ஒரு ஐயா: எனக்குப் பேஸ்புக் திறந்து தந்தது கடைப் பெடியன். பாஸ்வேர்ட் எனக்குத் தெரியாது, போன் தானாகத் திறக்கும். அந்தக் கடை இப்போது இல்லை. பிரச்சினை வருமா?

ஐயா, இதற்கு நான் உண்மையைச் சொல்ல வேண்டும். மீள்குடியேறி வந்த காலத்தில் எங்கள் பக்கம் முக்கால்வாசிப் பேருக்கு அதுதான் முதல் போன். வாங்கியவர், மகனோடு முகம் பார்த்துக் கதைக்க வேண்டும் என்று சொல்வார், நாங்கள் ஒரு ஜீமெயில், ஒரு பேஸ்புக், ஒரு வைபர் திறந்து கொடுப்போம். என்னிடம் ஒரு சீஆர் கொப்பி இருந்தது. இடப்பக்கம் ஆளின் பெயரும் ஊரும், வலப்பக்கம் ஈமெயில், அதற்கு நேரே பாஸ்வேர்ட். பெரும்பாலும் அவருடைய நம்பரின் கடைசி 6 இலக்கம். மறந்துவிட்டு வருவார்கள், திரும்பச் சொல்ல உதவும் என்றுதான் எழுதினேன். 4 வருடம் அந்தக் கொப்பி காட்சிப் பெட்டிக்கு மேலே, யாரும் எடுக்கக்கூடிய இடத்தில் கிடந்தது. ஒருநாள் வேலைக்கு வந்த பெடியன் ஒருவன் அதைப் படம் எடுத்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். அன்றைக்கே கொப்பியை எரித்துவிட்டு, அதில் இருந்த ஆட்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு மாற்றச் சொன்னேன். சிலரை இன்றுவரை பிடிக்க முடியவில்லை.

ஆகவே ஆம் ஐயா, பிரச்சினை வரும். போன் திறந்திருக்கும்போதே செய்யுங்கள், பேத்தியை உதவிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கணக்கில் எந்த ஈமெயில், எந்த நம்பர் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். கடைக்காரரின் ஈமெயிலாக இருந்தால் உங்களுடையதைச் சேர்த்த பிறகு அதை எடுங்கள். பிறகுதான் பாஸ்வேர்ட். இந்த வரிசை முக்கியம், ஏனென்றால் பழைய ஈமெயில் உள்ளே இருக்கும்வரை எத்தனை பாஸ்வேர்ட் மாற்றினாலும் அவரால் "மறந்துவிட்டேன்" என்று அழுத்தித் திரும்ப வர முடியும். கடைசியில் எங்கெங்கே திறந்திருக்கிறது என்று காட்டும் பட்டியலில் உங்கள் போனைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வெளியேற்றுங்கள். அந்த ஜீமெயிலுக்கும் இதே வேலையைச் செய்ய வேண்டும், அதை விட்டால் செய்ததெல்லாம் வீண்.

முத்தையன்கட்டு: என் பேஸ்புக்கில் பழைய நம்பர்தான் இருக்கிறது. அந்த சிம் எப்போதோ தொலைந்துவிட்டது. அப்படியே விடலாமா?

விடக்கூடாது. நீங்கள் பாவிக்காத நம்பரைக் கம்பனி கொஞ்சக் காலம் பார்த்துவிட்டு வேறு ஆளுக்கு விற்றுவிடும். வாங்குபவர் கெட்டவராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, அவர் தனக்குப் பேஸ்புக் திறக்க அந்த நம்பரை அடிப்பார், உங்கள் படம் வந்து நிற்கும், கோட் அவருடைய போனுக்குப் போகும். 2021 ஏப்ரலில் 53 கோடிக்கு மேற்பட்ட பேஸ்புக் கணக்குகளின் நம்பர்களும் பெயர்களும் இணையத்தில் வெளியே வந்தன, அதனால் எந்த நம்பர் யாருடையது என்று தேடுவதும் கெட்டவர்களுக்குக் கஷ்டமில்லை.

வெளிநாடு போகிற பிள்ளைகளுக்கும் இதையே சொல்கிறேன். சிம்மை அம்மாவின் மேசை லாச்சியில் போட்டுவிட்டுப் போகிறீர்கள், அவர் அதற்கு ரீலோட் போட வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. போய் இறங்கி அந்த ஊர் நம்பர் எடுத்த கிழமையே எல்லாக் கணக்கிலும் மாற்றுங்கள். வட்ஸ்அப்பில் நம்பரை மாற்றுவதற்கென்றே ஒரு வசதி இருக்கிறது.

மாங்குளம், 19 வயது: என் படத்தை எடுத்து ஆபாசமாக மாற்றி வைத்திருக்கிறான். காசு தராவிட்டால் ஊர்க் குழுக்களில் போடுவேன் என்கிறான். வீட்டில் சொல்ல முடியாது.

தங்கச்சி, முதலில் இது உங்கள் பிழை இல்லை. அடையாள அட்டைப் படத்தில் இருந்தே இப்படிச் செய்ய இன்றைக்குச் செயலிகள் இருக்கின்றன. படம் போட்டதால்தான் வந்தது என்று யாராவது சொன்னால் அதைக் காதில் போட வேண்டாம்.

காசு கொடுக்காதீர்கள். ஒருமுறை கொடுத்த ஆளிடம் அடுத்த கிழமையும் கேட்பான், இதில் நான் கண்ட எல்லாரிடமும் அப்படித்தான் கேட்டார்கள். மெசேஜ்களை அழிக்காதீர்கள். அவனுடைய பக்கம், நம்பர், திகதி எல்லாம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்சொட் எடுத்து, நம்பிக்கையான இன்னொருவரின் போனுக்கும் அனுப்பிவிட்டு அதற்குப் பிறகு தடை செய்யுங்கள். இப்படியான படங்கள் பரவாமல் தடுக்க ஸ்டொப் என்சிஐஐ (StopNCII) என்ற இணையத்தளம் 2021 டிசம்பரில் தொடங்கியது, 18 வயது தாண்டியவர்களுக்கானது. படத்தை அவர்களுக்கு அனுப்பத் தேவையில்லை, உங்கள் போனிலேயே அந்தப் படத்துக்கு ஒரு கைரேகை மாதிரி எண்வரிசை உருவாகும், அது மட்டும்தான் போகும். பேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டொக் போன்றவை அந்த எண்வரிசையோடு பொருந்துகிற படத்தைத் தங்கள் தளத்தில் தடுக்கும். அவன் அனுப்பிய படம் உங்களிடம் இருந்தால் அது போதும். 18க்குக் குறைந்த பிள்ளைகளுக்கு டேக் இட் டவுன் என்று இதே மாதிரி வேறொன்று இருக்கிறது.

பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, சிறுவர்களுக்கு 1929, இணையச் சிக்கல்களுக்கு இலங்கை சேர்ட் 101. பொலிஸுக்குப் போகும்போது தனியாகப் போக வேண்டாம். வீட்டில் சொல்ல முடியாது என்கிறீர்கள், அம்மா இல்லாவிட்டால் ஒரு சின்னம்மா, படிப்பித்த ஒரு ஆசிரியை, யாராவது ஒரு ஆளிடம் இன்று இரவு படுக்கப் போகுமுன் சொல்லிவிடுங்கள். இதைத் தனியாகச் சுமக்க வேண்டாம் பிள்ளை. நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

முள்ளியவளை, ஒரு அம்மா (மகள் எழுதித் தந்தது): காணாமல் போன மகனின் படத்தைப் பேஸ்புக்கில் போட்டோம், நம்பரும் போட்டோம். ஒருவர் அழைத்து அவனைப் பார்த்ததாகச் சொல்கிறார், பெயர், பள்ளிக்கூடம் எல்லாம் சரியாகச் சொல்கிறார். செலவுக்குக் காசு கேட்கிறார்.

அம்மா, இந்தக் கேள்வியை வாசித்துவிட்டு நான் கடையை மூடிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள்தான் எழுத முடிந்தது.

காசு அனுப்ப வேண்டாம். அவர் சொன்ன பெயர், பள்ளிக்கூடம், கடைசியாகக் கண்ட இடம், மூன்றும் நீங்கள் போட்ட பதிவிலேயே இருக்கின்றன, மகளோடு சேர்ந்து பார்த்தேன். தம்பியின் தங்கையின் பெயர் தங்கையின் பேஸ்புக் பக்கத்திலேயே இருக்கிறது, அதையும் அழைத்தவர் அங்கிருந்துதான் எடுத்திருக்கிறார். இப்போது முகத்தை வயது போன மாதிரி மாற்றிப் படம் அனுப்பலாம், சில விநாடிக் குரல் கிடைத்தால் அந்தக் குரலிலேயே கதைக்க வைக்கலாம். படத்தையோ குரலையோ வைத்து நம்பிவிடாதீர்கள்.

பதிவை எடுக்கச் சொல்ல மாட்டேன், தேடுவது உங்கள் உரிமை. ஒன்று மட்டும் செய்யுங்கள். மகனைப் பற்றி வீட்டுக்கு மட்டும் தெரிந்த ஒரு விசயத்தை எங்கேயும் எழுதாமல் உங்களோடு வைத்திருங்கள். சின்ன வயதில் கிணற்றடியில் விழுந்த தழும்பு, அம்மம்மா கூப்பிட்ட பெயர், அப்படி ஏதோ ஒன்று. அழைப்பவரிடம் அதைக் கேளுங்கள். நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டாம், "அந்தக் காலில் இருக்கிறதா" என்று கேட்டால் "ஓம்" என்றுதான் சொல்வார். "அவனை வீட்டில் என்னவென்று கூப்பிடுவோம் என்று கேட்டுச் சொல்லுங்கள்" என்று மட்டும் கேளுங்கள். பதிவில் உங்கள் சொந்த நம்பரை எடுத்துவிட்டு, அழைப்புகளுக்கென்று மகள் வைத்திருக்கும் தனி சிம்மின் நம்பரைப் போடுங்கள். இரவில் அழைப்பு வந்தால் நீங்கள் தனியாக எடுக்க வேண்டியதில்லை.

புதுக்குடியிருப்பு: வட்ஸ்அப்பில் கல்யாண அழைப்பிதழ் வந்தது, அழுத்தினால் ஏதோ இன்ஸ்டோல் பண்ணக் கேட்கிறது.

அழுத்த வேண்டாம். அழைப்பிதழ் என்றால் படமாகவோ பிடிஎப் ஆகவோ வரும். பெயரின் கடைசியில் ஏபிகே என்று இருந்தால் அது ஒரு செயலி, உள்ளே போய் உங்கள் குறுஞ்செய்திகளை வாசிக்கும், வங்கியில் இருந்து வரும் ஓடிபி என்கிற ஒருமுறைக் கோட் உட்பட. ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றால் டேட்டாவையும் வைபையையும் நிறுத்திவிட்டு, வேறு போனில் இருந்து வங்கிக்குச் சொல்லுங்கள். முக்கியமானவற்றை எடுத்து வைத்துவிட்டு போனை முழுதாக அழித்துத் திரும்பத் தொடங்குவதுதான் நிம்மதி.

பரந்தன்: போனைத் திருத்தக் கொடுக்கும்போது பற்றன் லொக்கைச் சொல்லலாமா?

திரை, பற்றரி, சார்ஜ் துளை மாற்ற எனக்கு அது தேவையில்லை. சிம்மையும் மெமரி கார்ட்டையும் கழற்றிக்கொண்டு கொடுங்கள். புதிய சாம்சங் போன்களில் பராமரிப்புக்கென்று ஒரு முறை இருக்கிறது, அதைப் போட்டால் போன் வேலை செய்யும், உங்கள் படங்களும் மெசேஜ்களும் தெரியாது. பக்கத்தில் நின்று பார்க்கிறேன் என்று சொல்லுங்கள், அதற்குக் கோபப்படுகிற கடைக்குக் கொடுக்க வேண்டாம்.

விசுவமடு: என் படங்களை யாரும் எடுக்காமல் பேஸ்புக்கைப் பூட்டலாமா?

பூட்டலாம், உடனே பூட்டுங்கள். நண்பர் பட்டியலையும் உங்களுக்கு மட்டும் என்று மாற்றிவிடுங்கள், உங்கள் பெயரில் போலிக் கணக்குத் திறப்பவர்கள் அந்தப் பட்டியலை வைத்துத்தான் ஆட்களைச் சேர்க்கிறார்கள்.

ஒட்டுசுட்டான், ஒரு ஐயா: பாஸ்வேர்டை எழுதி வைக்கக் கூடாது என்கிறார்கள். எனக்கு 67 வயது, ஞாபகம் நிற்காது. என்ன செய்ய?

எழுதுங்கள் ஐயா, தாளில் எழுதுங்கள். நீளமான ஒன்றை வைத்து எழுதிவைப்பது, ஞாபகத்துக்காக 123456 போடுவதைவிட எவ்வளவோ நல்லது. உங்கள் வளவில் நிற்கும் 4 பொருட்களின் பெயரை ஆங்கில எழுத்தில் ஒட்டி எழுதினாலே போதுமான நீளம் வந்துவிடும். பேஸ்புக்கில் இரண்டு படிச் சரிபார்ப்பு போட்டதும் 10 மீட்புக் கோட்கள் எடுக்கலாம், சிம் தொலைந்தாலும் அவற்றில் ஒன்றைக் கொண்டு உள்ளே போகலாம், ஒவ்வொன்றும் ஒருமுறைதான் வேலை செய்யும். அவற்றையும் அதே தாளில் எழுதுங்கள்.

தாளைப் போன் கவருக்குள் வைக்காதீர்கள். திருத்த வருகிற போனின் கவரைக் கழற்றினால் ஒரு பிள்ளையார் படமும் பாஸ்வேர்ட் துண்டும் சேர்ந்து விழுவதை நான் அடிக்கடி காண்கிறேன். காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் வைத்திருக்கிற அந்தப் பை இருக்கிறதல்லவா, ஒவ்வொரு இடப்பெயர்விலும் முதலில் கையில் எடுத்தோமே, அதற்குள் வையுங்கள்.